இஸ்தோப்பில் ஒரு நாற்காலி



மலையகத்தில் ஹட்டனைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் திருவிழாக் காலம் வந்துவிட்டது. ஆற்றோரம் கரகம் பாலித்து, தப்பு முழங்க லயத்துக்கு லயம் கொண்டுவருவார்கள். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் லீவு போட்டுவிட்டு ரயிலேறி வருவார்கள். அப்படி வரவிருக்கும் ஒரு தங்கை எழுதியிருக்கிறாள்: "என்னோட வேலை செய்யுற அக்காவுக்குச் சாமி நம்பிக்கை இல்லை. எங்க வீட்டுல இந்த வருசம் பால்குடம் எடுக்கிறோம். அவங்களைக் கூப்பிடலாமா? சங்கடப்படுவாங்களா?"

கூப்பிடு தங்கச்சி. தாராளமாகக் கூப்பிடு.

சாமி இல்லை என்பவர் நம் மலைக்குப் புதியவர் அல்லர். 1932இல் ஐரோப்பாவிலிருந்து திரும்பும் வழியில் பெரியார் இலங்கையில் இறங்கிப் பேசினார். சாதியை எதிர்த்த அந்தச் சுயமரியாதைக் குரல் தோட்டங்களிலும் கேட்டது. அதே வழியில் ஏ. இளஞ்செழியன் போன்றோர் வளர்த்த இலங்கைத் திராவிடர் முன்னேற்றக் கழகத்தை 1962இல் அரசு தடைசெய்தது. ஆனால் அந்தக் கருத்தைக் கொண்டவர்கள் எங்கேயும் போய்விடவில்லை. ஒரு காம்பராவில் முருகன் படமும் அடுத்த காம்பராவில் பெரியார் படமும் தொங்கிய லயத்தில் வளர்ந்தவன் நான். இரண்டு வீட்டாரும் காலையில் வேலைக்கு ஒரே பெரட்டுக்குத்தான் போனார்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மற்ற வீட்டில் அடுப்பு எரியாது.

கூப்பிடும்போது சிலவற்றைச் செய். என்னென்ன நடக்கும் என்று முதலிலேயே சொல்லிவிடு. விடிய விடிய தப்பு அடிப்பார்கள், சிலருக்கு அருள் வரும், வீட்டில் மரக்கறிச் சாப்பாடுதான் என்று சொல். திருநீற்றுத் தட்டு வரும்போது, "பூசிக்கோங்க, ஒண்ணும் ஆகாது" என்று யாரும் வற்புறுத்தாமல் பார்த்துக்கொள். உன் அம்மாவிடமும் இப்போதே பேசு; அவர் புரிந்துகொள்வார். வீட்டுக்கு வந்த பிள்ளை சாப்பிட்டதா என்பதுதான் எந்த அம்மாவுக்கும் முதல் கவலை.

வரும் அக்காவுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் கும்பிட வேண்டாம். செருப்பைக் கழற்றிவிட்டுக் கூட நின்றால் போதும். உங்கள் தோழியின் அம்மா, வருசம் முழுதும் கொழுந்துக் கூடை சுமந்த தலையில் அன்று பால்குடம் சுமக்கிறார். அதைப் பார்க்க நம்பிக்கை தேவையில்லை, அன்பு போதும். விவாதத்துக்கு இன்னொரு நாள் இருக்கிறது. அன்றைக்கு அந்த அம்மாவும் உங்கள் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கட்டும்.

சிவனொளிபாதமலை ஏறுகிறவரை அடிவாரத்தில் நிறுத்தி, எந்தச் சாமியைக் கும்பிடப் போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. அந்த மலையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்.

வாசகர்களே, இந்தத் திருவிழாவுக்குச் சாமி கும்பிடாத ஒரு நண்பரையாவது வீட்டுக்கு அழையுங்கள். வாசல் இஸ்தோப்பில் ஒரு நாற்காலி போட்டு, முதலில் ஒரு தேத்தண்ணி கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்