யாராவது ஒருவர் கெட்டவராக வேண்டும்

மயிலாப்பூர் குளத்துக்கு எதிரே காபி குடித்துக்கொண்டிருந்தபோது நண்பன் போனை நீட்டினான். "நீதான் கட்டுரையெல்லாம் எழுதுறியே, இதைப் படிச்சுச் சொல்லு." அவனுடைய விவாகரத்து மனுவின் வரைவு. மனைவி சமைக்க மறுத்தாள், அவன் அம்மாவை உறவினர் முன்னால் அவமானப்படுத்தினாள் என்றெல்லாம் பதினோராவது பத்தியில் இருந்தது. எனக்கு அவளைத் தெரியும். அடையாறில் அவர்கள் வீட்டில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டிருக்கிறேன். அங்கே சமையல் எப்போதும் அவன்தான்.

"இதெல்லாம் நடந்துச்சாடா?"

"இல்லடா. வக்கீல் போட்டாரு. இது இல்லாம மனு நிக்காதாம்."

இரண்டு வருடமாக ஒரே ஃபிளாட்டில் ஆளுக்கொரு அறை. சண்டைகூட ஓய்ந்துவிட்டது. ஈஎம்ஐ பாதிப் பாதி. பிரிவதில் அவளுக்கும் ஆட்சேபம் இல்லை, கையெழுத்து மட்டும் இப்போது போட மாட்டாள். தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள். அக்கா விவாகரத்து ஆனவள் என்று தெரிந்தால் கொடுத்த ஜாதகம் திரும்பி வந்துவிடும். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னும் எத்தனை வருடம் காத்திருக்கணும் என்று கேட்கிற அவனையும் குறை சொல்ல முடியவில்லை.

இந்த இரண்டு பேருக்கும் நம் சட்டத்தில் இடமே இல்லை என்பதுதான் என் கோபம்.

இந்து திருமணச் சட்டத்தில் வெளியே போக இரண்டு வழி. ஒன்று, 1976 திருத்தத்தில் வந்த 13பி, பரஸ்பர சம்மதம். ஒரு வருடம் பிரிந்திருந்து, இருவரும் சேர்ந்து மனு போட்டு, ஆறு மாதம் கழித்து மறுபடி வந்து அதையே சொல்ல வேண்டும். எங்கள் வட்டத்தில் எல்லாரும் திட்டுவது இந்த ஆறு மாதத்தைத்தான். ஐடி கம்பெனியே மூணு மாச நோட்டீஸ்ல விட்டுடுறான் என்று ஜோக் வேறு. ஆனால் அது பாதி தீர்ந்த பிரச்சினை. ஏற்கெனவே ஒன்றரை வருடம் பிரிந்திருந்து, சமரச முயற்சி தோற்று, ஜீவனாம்சமும் குழந்தை விஷயமும் பேசி முடிந்திருந்தால் நீதிபதி அந்தக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரிந்திருக்கத் தனி வீடும் வேண்டாம்; கணவன் மனைவியாக வாழாவிட்டால் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் பிரிவுதான் என்பது 1991 சுரேஷ்தா தேவி தீர்ப்பு. (அடையாறு வாடகைக்கு இந்தத் தீர்ப்புக்குக் கோயிலே கட்டலாம்.)

எல்லாம் சரி, ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டால்? அப்போது இருப்பது 13ஆம் பிரிவு. கொடுமை, கைவிட்டுப் போனது, வேறு உறவு என்று அங்கே ஒரு பட்டியல். யாராவது ஒருவர் கெட்டவராக வேண்டும். பட்டியலில் கொடுமைதான் எப்படி இழுத்தாலும் நீளும், அதனால் எல்லாரும் அதற்குள்ளேயே போய் விழுகிறார்கள். மனுவில் ஒரு பொய் என்றால் பதில் மனுவில் நாலு. நேற்றுவரை ஈஎம்ஐ பகிர்ந்தவர்கள் இப்படியா இறங்குவார்கள் என்று சொந்தக்காரர்கள் வாய் பிளப்பார்கள். மனுவுக்கான அச்சே அப்படித்தானே கேட்கிறது?

மீட்க முடியாதபடி முறிந்த திருமணத்தையும் ஒரு காரணமாகச் சேருங்கள் என்று சட்ட ஆணையம் 1978இல் சொன்னது, 2009இல் மறுபடி சொன்னது. 2013இல் மாநிலங்களவை ஒரு மசோதாவை நிறைவேற்றியது. அது மக்களவையைத் தாண்டாமல் காலாவதியானது. 2023 மே மாதம் ஷில்பா சைலேஷ் வழக்கில், முறிந்த திருமணத்தை 142ஆவது பிரிவின்படித் தன்னால் கலைக்க முடியும் என்றது உச்ச நீதிமன்றம். தன்னால் மட்டும். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் குடும்ப நீதிமன்றத்தில் அந்த இரண்டு முகங்களையும் நேரில் பார்க்கிற நீதிபதிக்கு அந்த அதிகாரம் கிடையாது.

இதை எதிர்க்கிற பெண்ணியத் தோழிகளின் வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சம்பாத்தியமோ சொத்தோ இல்லாத பெண்ணுக்குக் கையெழுத்துப் போட மறுப்பது ஒன்றுதான் கையில் இருக்கும் பிடி. உண்மை. ஆனால் அந்த மசோதாவே, கடுமையான பணக் கஷ்டம் வரும் என்றால் மனைவி எதிர்க்கலாம் என்றுதான் சொன்னது. ஜீவனாம்ச வழக்கில் இருவரும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும் என்று 2020இல் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் உத்தரவு வந்திருக்கிறது. அந்தப் பக்கத்தை இறுக்குங்கள், பணத்தை ஒளிக்கிறவனைப் பிடியுங்கள். செத்த கல்யாணத்தை வீட்டு அட்வான்ஸ் மாதிரி பிடித்து வைத்துக்கொள் என்று ஒரு பெண்ணிடம் சொல்வதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்காதீர்கள்.

டெல்லிதான் செய்யணும், நாம என்ன பண்றது என்கிறார்கள். திருமணமும் மணவிலக்கும் பொதுப்பட்டியலில் இருக்கின்றன. 1967இல் அண்ணா அரசு இதே சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்துத்தான் சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கியது. குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு இன்னொரு திருத்தம் கொண்டுவர யார் தடுத்தார்கள்? சேர்ந்து வாழ விருப்பமில்லாதபோது இருவரில் ஒருவர் அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்று 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. இருவரில் ஒருவர், கவனியுங்கள். அதற்குக் குற்றப் பட்டியல் எதுவும் தேவைப்படவில்லை. உள்ளே நுழைகிற கதவை மாற்றினோம், ஐம்பது வருடத்துக்கும் மேலாக அதை மேடையில் சொல்லிப் பெருமைப்பட்டோம். வெளியே போகிற கதவை எந்த ஆட்சியும் தொடவில்லை.

தங்கைக்கு வரன் அமைந்துவிட்டது. தை மாதம் தி.நகரில் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பில் அவன்தான் முன்னால் நிற்க வேண்டுமாம். பாண்டி பஜாரில் பட்டு வேட்டி எடுக்க என்னையும் கூப்பிட்டிருக்கிறான். வரைவை என்ன செய்தாய் என்று கேட்டேன். "போன்லயே இருக்கு. பதினோராவது பத்தியை மட்டும் அழிச்சுட்டு வக்கீலுக்கு அனுப்பினேன். திரும்ப சேர்த்து அனுப்பியிருக்காரு."