ரிசல்ட் வரட்டும் என்று உட்காராதீர்கள்!

பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் எங்கள் தெருவில் எல்லா அம்மாக்களும் சொல்வது, "முதல்ல ரிசல்ட் வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்பதுதான். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவள்தான். அதனால் என் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின.

2019-ல் என் மூத்த மகள் இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு விண்ணப்பித்தாள். நானும் என் கணவரும் எட்டாவதைத் தாண்டாதவர்கள். ஆகவே முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டும். சான்றிதழுக்கு அலைந்தபோதுதான் தெரிந்தது, ரேஷன் கார்டில் அப்பா பெயர் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் வேறு மாதிரி! திருத்தி வாங்குவதற்குள் கெடு முடிந்துவிட்டது. முழுக் கட்டணமும் கட்டினோம். அதோடு போனதா? இப்போது வீட்டில் ஒரு பட்டதாரி வந்துவிட்டதால், இளையவளுக்கும் அந்தச் சலுகை கிடையாது.

பட்ட பிறகுதானே புத்தி வருகிறது! இளையவள் பிளஸ் ஒன் முடித்த கோடை விடுமுறையிலேயே ஆதார், ரேஷன் கார்டு, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்து, பெயரையும் இனிஷியலையும் எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்தோம். இ-சேவை மையத்துக்குப் போய்ச் சாதிச் சான்றிதழ் வாங்கினோம். வருமானச் சான்றிதழ் ஒரு வருஷம்தான் செல்லும் என்பதால், அதை மட்டும் அடுத்த ஏப்ரலில் வாங்கினோம்.

பரீட்சை முடிந்த லீவில், பஸ் ஏறி மூன்று கல்லூரிகளைப் பார்த்து வந்தோம். எத்தனை பஸ் மாற வேண்டும், ஹாஸ்டலில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று அங்கே படிக்கிற பிள்ளைகளிடமே கேட்டோம். கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போடுவதை மகள்தான் எனக்குச் சொல்லித் தந்தாள்.

இன்னொன்று. பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போட்டால், உங்கள் வீட்டு செல் நம்பரையே கொடுங்கள். சிலர் அவசரத்தில் கடைக்காரர் நம்பரைப் போட்டுவிட்டு, ஓ.டி.பி.க்காக அவர் பின்னால் அலைகிறார்கள்.

"பாவம், வருஷமெல்லாம் படிச்ச பிள்ளை, லீவுலயாவது விடுங்க" என்பார்கள். விடுவோமே! தூங்கட்டும், பாட்டி ஊருக்குப் போகட்டும். இதற்கெல்லாம் பத்து நாள் ஒதுக்கினால் தாராளம்.

"எனக்கென்ன தெரியும், அதெல்லாம் அவரு பார்த்துப்பாரு" என்று ஒதுங்காதீர்கள், சகோதரிகளே. பரீட்சை எழுதுவது பிள்ளையின் வேலை. காகிதங்களைச் சரிபார்ப்பது நம் வேலை. அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தாலே போதும்.

- ஓர் இல்லத்தரசி, சாத்தூர்.