கண்ணுக்குள் ஒரு கணக்குப்பிள்ளை

'கேமரா பொய் சொல்லாது' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வாஸ்தவம். பொய் சொல்லாது. ஆனால் ஊகம் பண்ணும். நிறைய விட்டுவிடும். விட்டது என்ன என்று நம்மிடம் மூச்சு விடாது.

ஏடிஎம் கூரையிலும் தெருமுனைக் கம்பத்திலும் இருந்து நம்மையே பார்த்துக்கொண்டிருக்கிறதே ஒரு கேமரா, அதைக் கழற்றிப் பாருங்கள் (உங்களுடையதாக இருந்தால் மட்டும்). முன்னால் லென்ஸ். அதன் பின்னால் சென்ஸார். அதற்கும் பின்னால் கறுப்பாக, சின்னதாக ஒரு சில்லு. 'சிஸ்டம் ஆன் சிப்' என்று பெயர். முழு ஆபீஸையும் ஒரே அறையில் அடைத்தது மாதிரி. நிர்வாகத்துக்கு ஒரு பிராஸஸர், படத்தைத் துடைக்க ஒரு பிரிவு, சுருக்க ஒரு பிரிவு. இப்போது வருகிற பலவற்றில், எதிரே நிற்பது ஆளா நாயா என்று பார்க்கவும் தனிப் பிரிவு உண்டு.

2005-ல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனி 'டாவின்சி' என்று ஒரு வரிசையைக் கொண்டுவந்தது. அதில் டிஎம்6446 என்ற சில்லில் நிர்வாகம் பார்க்கும் ஆர்ம் பிராஸஸருக்கு 297 மெகாஹெர்ட்ஸ் வேகம். படக் கணக்குப் போடும் டிஜிட்டல் சிக்னல் பிராஸஸருக்கு 594. மானேஜரைவிட குமாஸ்தாவுக்கு இரண்டு மடங்கு வேகம். எல்லா ஆபீஸிலும் அப்படித்தானே!

எதற்கு இத்தனை வேகம்? கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், நான் பி.காம்., பெருக்கலைத் தாண்டமாட்டேன். ஃபுல் ஹெச்டி படத்தில் அகலவாக்கில் 1920 புள்ளிகள், உயரவாக்கில் 1080. மொத்தம் 20,73,600. புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். விநாடிக்கு 30 படம். ஆக, விநாடிக்குச் சுமார் 187 மெகாபைட். ஒரு நாளைக்கு 16 டெராபைட்! தினம் காலையில் பால் பாக்கெட்டோடு பதினாறு ஹார்ட் டிஸ்க்கும் வாங்கிவர வேண்டும்.

நடைமுறையில், விநாடிக்கு 4 மெகாபிட் என்று செட் பண்ணினால் ஒரு நாள் முழுக்க 43 ஜிகாபைட்டில் முடிந்துவிடுகிறது. ஏறக்குறைய 370-ல் ஒரு பங்கு. மிச்சம் எங்கே? கொஞ்சம், சொன்னதையே திரும்பச் சொல்லும் சமாசாரம். பாக்கி, நம் கணக்குப்பிள்ளை பார்த்து வெட்டியது.

முதல் ஊகம் நிறத்தில். சென்ஸாருக்கு வெளிச்சம்தான் தெரியும், நிறம் தெரியாது. அதனால் ஒவ்வொரு புள்ளியின் தலையிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஏதோ ஒரு வண்ண வடிகட்டி. நம் கண்ணுக்குப் பச்சையில் கூர்மை அதிகம் என்பதால் பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். கோடாக் கம்பெனியில் இருந்த பிரைஸ் பேயர் இதற்கு 1976-ல் பேடண்ட் வாங்கினார். விளைவு, ஒரு புள்ளியில் ஒரு நிறம்தான் அளந்தது. மற்ற இரண்டும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துச் சில்லு எழுதிக்கொண்டது. பக்கத்து வீட்டை விசாரித்து நம் வீட்டைப் பற்றி ரிப்போர்ட் எழுதுவது மாதிரி!

இரண்டாவது, சுருக்குவது. 2003-ல் வந்த ஹெச்.264 என்ற முறை இன்னும் நிறைய கேமராக்களில் ஓடுகிறது. அது அசல் பேரேடு வேலை. முதலில் ஒரு முழுப்படம்; அது ஆரம்ப இருப்பு. அதற்கப்புறம் முழுப்படம் கிடையாது, வரவு செலவு மட்டும். 'சுவர் அப்படியே இருக்கிறது, சட்டை நாலு புள்ளி வலப்பக்கம் நகர்ந்தது' என்று எழுதிவைத்துக்கொள்ளும். படத்தை 16-க்கு 16 புள்ளிச் சதுரங்களாகப் பிரித்து இந்த வேலை நடக்கும். எந்தச் சதுரத்துக்கு எத்தனை பிட் செலவழிப்பது என்பது சில்லின் இஷ்டம். பட்ஜெட் இடித்தால் நுணுக்கத்தில் கை வைக்கும். கண் இமை, மச்சம், நம்பர் பிளேட்டில் 3-க்கும் 8-க்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் அப்போதுதான் போகின்றன.

இரவில் இன்னும் மோசம். வெளிச்சம் குறைந்தால் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல். அதை அடக்க, அடுத்தடுத்த படங்களைச் சேர்த்துச் சராசரி போடும். நிற்கிற சுவர் பளிச்சென்று வரும். ஓடுகிற ஆள் கோடாக வருவான். திருடர்கள் பொதுவாக நின்று போஸ் கொடுப்பதில்லை.

எங்கள் குடியிருப்பில் ஒரு சைக்கிள் காணாமல் போயிற்று. செகரட்டரி வீட்டு டிவி முன்னால் கூட்டம்.

"ஜூம் பண்ணுங்க சார்."

"பண்ணிட்டேன்."

"இன்னும் பண்ணுங்க!"

முகம் இருந்த இடத்தில் பன்னிரண்டு சதுரங்கள். "வாட்ச்மேனோட மச்சான் மாதிரி இல்லே?" என்றார் மூணாவது மாடி. "எனக்கென்னவோ அந்த இஸ்திரிக்காரப் பையனாத்தான் தோணுது" என்றார் நாலாவது மாடி. பன்னிரண்டு சதுரத்தில் இரண்டு குற்றவாளிகள் தயார். இரண்டு பேருமே ஃப்ளாட் வாங்க வசதியில்லாதவர்கள் என்பதைக் கவனிக்கவும். சைக்கிள், ஓனரின் பையனே கொண்டுபோய் விட்டிருந்த பஞ்சர் கடையில், சாயங்காலம் கிடைத்தது.

சினிமாவில் கம்ப்யூட்டர் முன் ஒருவர் தட்டுவார், மங்கின முகம் துலங்கிவிடும். நிஜத்தில், பேரேட்டில் எழுதாத வரவை எந்த ஆடிட்டராலும் கொண்டுவர முடியாது. துலங்கினால் அது புது ஊகம்.

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரில் இது விபரீதமாகவே போயிற்று. 2018-ல் ஒரு கடையில் கைக்கடிகாரங்கள் திருடு போயின. கடைக் கேமராவின் மங்கின படத்தை முகம் தேடும் கம்ப்யூட்டரில் போட்டார்கள். அது ஒருவருடைய பழைய டிரைவிங் லைசென்ஸ் போட்டோவை நீட்டியது. 2020 ஜனவரியில், மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் பார்த்துக்கொண்டிருக்க, வீட்டு வாசலில் கைது. சுமார் 30 மணி நேரம் லாக்கப். ஆள் அவர் இல்லை. 2024-ல் நகர நிர்வாகம் மூன்று லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானம் ஆயிற்று. முகம் பொருந்தியதை மட்டும் வைத்து இனி யாரையும் கைது செய்யக்கூடாது என்று போலீசுக்கு விதியும் வந்தது.

சில்லு தானே பார்த்து முடிவெடுத்தால்? 2016 மே மாதம் ஃப்ளோரிடாவில் ஒரு டெஸ்லா கார் 'ஆட்டோபைலட்'டில் ஓடிக்கொண்டிருந்தது. கேமராவின் பின்னால் இஸ்ரேலின் மொபில்ஐ கம்பெனியின் ஐக்யூ3 சில்லு. குறுக்கே ஒரு வெள்ளை டிரெய்லர் வந்தது. பளீரென்ற வானம், வெள்ளை வண்டி. கார் பிரேக் போடவில்லை. ஓட்டுநர் இறந்துபோனார். முன்னால் போகிற வண்டியில் மோதாமல் காப்பதற்குத்தான் அந்த ஏற்பாடு, குறுக்கே வருவதற்கு இல்லை என்று மொபில்ஐ விளக்கியது. அதாவது, கணக்குப்பிள்ளையின் பேரேட்டில் அப்படி ஒரு தலைப்பே இல்லை.

கேமராவே வேண்டாம் என்று சொல்லவரவில்லை. எங்கள் வாசலிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுமுன் குறுக்கு விசாரணை செய்யுங்கள். ஆள் எத்தனை அடி தூரத்தில்? முகத்துக்கு எத்தனை புள்ளி கிடைத்தது? விளக்கு எரிந்ததா? பிட் கணக்கைக் குறைத்து வைத்தது யார்?

காமர்ஸ் படிப்பில் ஆடிட்டிங் பேப்பர் சொல்லித்தருவது இதுதான். பேரேட்டில் இருக்கிறது என்பதற்காக ஒப்புக்கொள்ளாதே, வவுச்சரைக் கேள். நாளைக்கு யாராவது பன்னிரண்டு சதுரத்தைக் காட்டி, 'இவன்தான்' என்று ஒரு வாட்ச்மேனின் மச்சானைப் பார்த்து விரலை நீட்டினால் நீங்களும் கேளுங்கள்:

"வவுச்சர் எங்கே சார்?"