ஒட்டுப் புத்தகமும் ஒட்டாத பணமும்

தவணை தொடங்கியதும் பத்திரிகை நறுக்குகளைச் சேர்த்து ஒட்டிவரும்படி மாணவர்க்கு ஒப்படை கொடுப்பது வழக்கம். அன்று மாலையே பெற்றோர் உரும்பிராய்ச் சந்திக் கடைகளுக்கு விரைகின்றனர். வண்ண அட்டை, மினுங்கும் நாடா, பூப்போட்ட ஒட்டிகள், குழாயில் அடைத்த பசை ஆகியன வீடு வந்து சேர்கின்றன. உள்ளே ஒட்டப்பட்ட செய்திக்கோ நாளுமில்லை, பத்திரிகையின் பெயருமில்லை. காசெல்லாம் புறத்துக்கே போயிற்று என்பதே நமது முறைப்பாடு.

இதனைப் பிள்ளை விளையாட்டென்று தள்ளிவிடுதல் நமக்குத் தகாது. 1981-ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அத்தகைய அழிவின் பின்னர் தனியார் வீட்டு அலுமாரிகளில் எஞ்சியவையே சான்றாகின்றன. பலாலிப் பக்கத்துக் குரும்பசிட்டியைச் சேர்ந்த இரா. கனகரத்தினம் பத்திரிகைகளையும் நறுக்குகளையும் அயராது சேர்த்து, அவற்றை நுண்படச் சுருள்களாகவும் ஆக்கினார். தமிழ்நாட்டிலே கோட்டையூர் ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் தொழிலராய் இருந்தவர், நூல்களோடு துண்டுப் பிரசுரங்களையும் அழைப்பிதழ்களையும் நறுக்குகளையும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபின் சிக்காகோப் பல்கலைக்கழகம் அச்சேர்க்கையை வாங்கிற்று. 1994-இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. பிறர் எறியும் தாளையும் பொருளென்று மதித்தவர்கள் இவர்கள்.

அப்படியாயின் எதிலே சிக்கனம் செய்யலாம்? முதலாவது பசையில். ஒரு பங்கு கோதுமை மாவை நாலைந்து பங்கு தண்ணீரிற் கட்டியின்றிக் கரைத்து, சிறுதீயிற் கிண்டினால் கண்ணாடிபோலத் தெளிந்து தடிக்கும். தைப்பொங்கற் காலத்திற் பட்டம் ஒட்டும் சிறுவர்களுக்கு இது புதிதன்று. ஆறியபின் மெல்லெனப் பூசி, வெள்ளைத் தாளொன்றை மேலிட்டு, கனத்த புத்தகங்களின் கீழ் ஓரிரவு வைத்தால் தாள் சுருங்காது. அன்றைய தேவைக்கு அன்றே காய்ச்சுக, மறுநாள் புளித்துவிடும். பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் கலப்போர் உளர். அது நஞ்சு, அதிலுள்ள செம்பு நாளடைவிற் தாளையும் கெடுக்கும். நன்றாக உலரவிட்டு, ஈரமில்லாத இடத்தில் வைத்து, இடைக்கிடை திறந்து பார்ப்பதே போதும்.

அட்டையிலும் சிக்கனம் செய்யலாம். சென்ற ஆண்டு நாட்காட்டியின் மட்டையே நல்ல உறை. நடுவிலே தடித்த நூலால் மூன்று துளையிற் தைத்தால் புத்தகம் ஆயிற்று.

உள்ளிருக்கும் தாளில் மட்டும் கை சுருக்கலாகாது. பத்திரிகைத் தாள் மரத்தை அரைத்துச் செய்யப்படுவது. அதிலுள்ள லிக்னின் என்னும் பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுக்கின்றது. தாள் புளிப்பேறி நொருங்குகின்றது. ஆதலால் மிக முக்கியமான நறுக்கை நல்ல வெள்ளைத் தாளிற் படப்பிரதி எடுத்து ஒட்டுதல் நலம். ஒட்டுநாடாவையோ தொடவே வேண்டாம். சில ஆண்டுகளில் அதன் பசை கசிந்து எழுத்தின்மேற் கபில நிறக் கறையாய்ப் படியும். குண்டூசியும் அவ்வாறே, மாரி காலத்து ஈரத்திற் துருப்பிடித்துத் தாளைத் துளைக்கும்.

தாளின் அருமையை நாம் புதிதாய் அறிய வேண்டியதில்லை. பொருளாதாரத் தடை இருந்த 1990-களில் யாழ்ப்பாணப் பத்திரிகை கோடிட்ட கொப்பித் தாளிலும் அச்சாகி வந்தது. 2022-ஆம் ஆண்டு மார்ச்சிலே தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்துத் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன.

மற்றொன்று, புத்தகம் பருக்க வேண்டாம். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் வீட்டை விட்டுப் புறப்பட்டபோது, கையிற் பிடித்ததையும் சைக்கிளிற் கட்டியதையுமே கொண்டு சென்றனர். உறுதிகளும் சில புகைப்படங்களும் தப்பின, பாரமானவை பின்தங்கின. நாற்பது ஒற்றைக்கு மேற்படாத மெல்லிய புத்தகங்கள் இரண்டு, பருத்த ஒன்றினும் மேலானவை. கைப்பேசியிற் பக்கத்துக்கொரு படம் எடுத்து வெளியூர் உறவினருக்கு அனுப்பிவைத்தால் இன்னொரு பிரதியும் ஆயிற்று. செலவும் மிகச் சிறிது.

ஒவ்வொரு நறுக்கின் அருகிலும் பத்திரிகையின் பெயர், நாள், பக்கம் ஆகிய மூன்றையும் பென்சிலால் எழுதுக. பேனை மை நீர் பட்டாற் கரைந்தோடும். பென்சில் எழுத்து ஓடாது.