கூலியும் ஊதியமும்

உழைப்பு ஒன்றே, அதற்கு ஈடாகக் கிடைப்பதற்கோ நம் நாட்டில் பெயர் மூன்று. நாள் முடிவில் எண்ணிக் கொடுத்தால் கூலி. திங்கள் முடிவில் கொடுத்தால் சம்பளம். நாற்காலியில் அமர்ந்தவர்க்குக் கொடுத்தால் ஊதியம்! கூலம் என்பது தவசம். உழைத்தவர்க்குக் கூலமாக அளந்ததே கூலியாயிற்று என்பர் சொல்லாய்வார். இழிவு சிறிதுமற்ற அச்சொல்லை இழிசொல்லாக்கியது குமுகாயமே. பெயரில் உள்ள இவ்வேறுபாடு தொகையிலும் நிற்பது எதனால் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

பூந்தமல்லியிலிருந்து சென்னீர்குப்பம் வழியாக ஆவடிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் காலையில் வேலைக்கு விரைவாரை நோக்குக. ஒரே தொழிற்பயிற்சி நிலையத்தில் ஒரே சான்று பெற்ற பொருத்துநர் இருவர். ஒருவர், 1961 இல் தோன்றிய ஆவடிக் கனவூர்தித் தொழிற்சாலையில் நடுவணரசுப் பணியாளராகச் சேர்ந்தவர். ஊதியக்குழு வகுத்த படிநிலை அவர்க்கு உண்டு. மற்றவர், 1964 இல் உருவான அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் சிறு பட்டறை ஒன்றில் வேலை செய்பவர். பெருங்குழுமம் உறுப்பின் விலையை இறுக்கப் பட்டறைக்காரர் கூலியை இறுக்குகிறார். கைத்திறன் ஒன்று, கைக்கு வருவது வேறு.

இவ்வேறுபாட்டிற்குப் பொருளியலார் கூறும் விடை யாது? பொருளியலின் தந்தை எனப்படும் ஆதம் சுமித்து, 1776 இல் ஐந்து கரணியங்களைக் கூறினார். வேலை இனியதா இன்னாததா, கற்க எளிதா அரிதா, நிலையானதா நிலையற்றதா, அதில் வைக்கும் நம்பிக்கை பெரிதா சிறிதா, வெற்றி உறுதியா ஐயமா என்பன அவை. இவற்றில் உண்மை உண்டு. வரைபடம் பார்த்து மயிரிழை பிசகாமல் இரும்பைக் கடைபவர்க்கு, அவ்விரும்பைச் சுமப்பவரினும் மிகுதியாகத் தருவது முறையே. கற்பதற்குச் செலவிட்ட ஆண்டுகளுக்கு ஈடு வேண்டாவோ?

ஆயின், முதற் கரணியத்தை நம் மண்ணில் வைத்து உரைத்துப் பாருங்கள். இன்னாத வேலைக்கு மிகுதியான கூலி கிடைக்கும் என்பது அது. கழிவுநீர்க் குழியில் இறங்குவதினும் இன்னாத வேலை உண்டோ? அவ்விழிவைத் தடுக்க 1993 இலும் 2013 இலும் சட்டங்கள் வந்தன. அவற்றின் பின்னும் குழிகளில் மூச்சடைத்து மாண்டோர் உளர். அவர்தம் கூலி மிகுந்ததா? இல்லை. அவ்வேலைக்குத் தள்ளப்படுவோர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட ஒருசில சாதியினரே. வேறு வாயில்கள் அவர்க்கு அடைக்கப்பட்டுள்ளன. 1848 இலேயே சான் சுடூவர்ட்டு மில் என்பார் இதனைக் கண்டு, கடுமையும் அருவருப்பும் மிக்க வேலைகளே மிகக் குறைந்த கூலி பெறுகின்றன, வேறு போக்கற்றவரே அவற்றைச் செய்தலின் என்றார்.

ஆகவே கூலியை அறுதியிடுவது திறன் மட்டும் அன்று; எத்தனை வாயில்கள் திறந்துள்ளன என்பதும் ஆகும். சாதி ஒரு தாழ்; ஆங்கிலம் மற்றொரு தாழ். இரும்பு ஆங்கிலம் அறியாது. பொறிக்கும் அம்மொழி வேண்டுவதில்லை. ஆயினும் மேற்பார்வைப் பொறுப்பிற்கான நேர்காணல் ஆங்கிலத்தில் நடக்குமாயின், தாய்மொழியில் தொழில் தேர்ந்தவன் கீழ்ப்படியிலேயே நிற்கிறான்.

மூன்றாம் தாழ், ஒப்பந்த முறை. ஒரே கூரையின்கீழ், ஒரே பொறியின்முன், நிலைப்பணியாளர் ஒருவரும் ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவரும் நிற்பர். 1970 ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் 1971 இல் அமைந்த நடுவணரசு விதிகள், ஒத்த வேலைக்கு ஒத்த கூலி என்றன. ஏட்டில் உள்ளது கையில் இல்லை. அச்சட்டம் 20 பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்களைத் தழுவியது. 2020 இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டமோ அவ்வெல்லையை 50 ஆக உயர்த்தியது. காப்பு சுருங்கிற்று, ஒப்பந்தக்காரர்க்கு வழி அகன்றது.

இங்கே நம்மவர் சிலர், 'வடவர் வந்து குறைந்த கூலிக்கு உழைப்பதாலேயே நம் கூலி தாழ்கிறது' என்பர். தாழ்வது மெய், தாழ்த்துபவன் அவ்வேழையோ? அவனுக்கு இவ்வூர் மொழி தெரியாது, உறவில்லை, தட்டிக் கேட்கச் சங்கமில்லை. இந்நிலையையே முதலாக்கி ஊதியம் ஈட்டுபவன் இடைத்தரகன். நம் முன்னோரும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு இவ்வாறே சென்றனர். ஆள் தலைக்கு இவ்வளவு என்று காசு பெற்றவன் கங்காணி. 1948 இல் அவர்தம் குடியுரிமை பறிக்கப்பட்டதை நாம் மறந்திலோம். அங்கே நம்மவர்க்கு இழைத்த கொடுமையை இங்கே பிறர்க்கு இழைத்தல் தமிழர்க்கு அழகாகுமோ?

அறத்தின் பொருட்டு மட்டுமன்று, நம் நலத்தின் பொருட்டும் இது வேண்டும். 1918 இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று, வாடியாவும் திரு.வி.க.வும் அதற்குத் துணை நின்றனர். ஆயின் 1921 ஆம் ஆண்டுப் பெரம்பூர் ஆலை வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் சாதியால் பிளவுண்டனர், புளியந்தோப்பில் குருதி சிந்திற்று, போராட்டம் தோற்றது. பிரிந்தவர் இரு திறத்தாரும் இழந்தனர்.

தமிழத் தோழர்களே! வேறு ஊரான் ஒருவனுக்கு உம்மினும் குறைந்த கூலி கொடுக்கப்படுமாயின், நாளை உம் வேலையும் அக்கூலிக்கே ஏலம் விடப்படும். ஆதலின், 'அவனை விரட்டு' என்னாது, 'அவனுக்கும் எமக்குரிய கூலியைக் கொடு' என்று கேளுங்கள். அக்கூலி ஒத்ததாயின், மலிவு கருதி ஆள்பிடிக்கும் தேவை ஒழியும். இம்மண்ணின் தொழிலாளிக்கு இம்மண்ணிலேயே வேலை நிலைக்கும். திறனுக்கு ஏற்ப வேறுபாடு இருக்கட்டும். அடைத்த வாயிலுக்கு ஏற்ப வேறுபாடு வேண்டா.