பாதத்தைத் தொடும் கைக்கு எந்தச் சாதி?

சேலத்துச் சாலையோரம் செருப்புத் தைப்பவருக்கு, தேய்ந்த செருப்பைப் பார்த்தே காலில் எந்த இடம் அழுந்துகிறது என்று சொல்லத் தெரியும். அதை அறிவென்று யாரும் ஒப்புக்கொண்டதில்லை; சாதித் தொழில் என்று ஒதுக்கினார்கள். அதே அழுத்தத்தைக் கருவியொன்று கணினித் திரையில் வண்ணப் படமாகக் காட்டியதும், அது மருத்துவத் தொழில்நுட்பம் ஆகிவிட்டது.

நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு. நோய் முற்றினால் பாதம் மரத்துப்போகும். முள் குத்தினாலும் தெரியாது. புண் அழுகிக் காலையே எடுக்க நேரும். மரவள்ளிக் காட்டிலும் செங்கல் சூளையிலும் சாக்கடையிலும் வெறுங்காலோடு நிற்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். கூலிக்காரரின் கால் போனால் வீட்டில் உலை எரியாது.

முன்கூட்டியே கண்டுபிடிப்பது கடினமல்ல. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை, 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை, ரத்த ஓட்டம் பார்க்கக் கையடக்க டாப்ளர் கருவி ஆகியவை போதும். தமிழக அரசின் ‘பாதம் பாதுகாப்போம்’ திட்டம் தஞ்சையில் தொடங்கியது, வரவேற்கிறோம். ஆனால், இந்தக் கருவிகளைக் கையாளும் பயிற்சி யாருக்குப் போகப்போகிறது?

வேலூரில் 1946 முதல் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் மரத்த பாதங்களுக்காகச் செருப்புத் தைப்பவர்களோடு சேர்ந்து உழைத்தார். அந்த முயற்சிகளில் உருவான எம்.சி.ஆர். ரப்பர் செருப்பைத்தான் இன்று சர்க்கரை நோயாளிகளும் அணிகிறார்கள். மருத்துவரின் அறிவும் தொழிலாளியின் அறிவும் சேர்ந்த இடம் அது.

“அப்படியானால் செருப்புத் தைப்பவர்களுக்கே பயிற்சி கொடுங்கள்” என்று சிலர் சொல்லக்கூடும். அதில் ஒரு பொறியும் இருக்கிறது. ஒன்றிய அரசு 2023இல் கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டம், செருப்புத் தைப்பதையும் 18 பரம்பரைத் தொழில்களில் ஒன்றாக்கியது. அப்பன் தொழிலை மகனுக்குக் கட்டிவிடும் அந்த வேலையை, மருத்துவக் கருவியின் பெயரால் செய்யவும் நாம் அனுமதிக்க முடியாது. அந்தத் தொழிலாளி விரும்பினால் பயிற்சி அவருடைய உரிமை. அவர் மகள் மருத்துவராக விரும்பினால் அதுவும் உரிமை.

ஒன்றிய அரசின் 2021ஆம் ஆண்டு துணைமருத்துவத் தொழில்கள் சட்டம், பாத நல வல்லுநரையும் அங்கீகரிக்கிறது. எனவே சேலம், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரிகளில் பாத நலப் பட்டயப் படிப்பைத் தொடங்க வேண்டும். அதில் அருந்ததியருக்கான 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு உட்பட முழு இடஒதுக்கீடும் நடைமுறையாக வேண்டும். அனுபவமுள்ள தோல் தொழிலாளர்கள் சேர, பள்ளிச் சான்றிதழ் தடையாக இருக்கக் கூடாது. படித்து முடித்தவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் நிரந்தரப் பணி வேண்டும். ஒப்பந்தக் கூலி கூடாது. முதல் பரிசோதனை தூய்மைப் பணியாளர்களின் குடியிருப்புகளில் நடக்கட்டும்.