யந்திர துபாஷி

என் தங்கையின் பேரன், இரண்டு வருஷமாக வாரத்தில் மூன்று நாள் மாலையில் போய்ப் படித்துவந்த ஜெர்மன் வகுப்பை நடுவிலே நிறுத்திவிட்டான் என்று கேள்விப்பட்டு, பணமுடையோ தேக அசௌக்கியமோ காரணமாக இருக்கலாம் என்ற கவலையுடன் அவனை விசாரித்தபோது, அவன் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டி, "இனிமே எதுக்குத் தாத்தா அந்தச் சிரமமெல்லாம்? நாம தமிழ்ல பேசினா இது ஜெர்மன்ல சொல்லிடும்" என்றான். பரீட்சித்துப் பார்க்கலாமே என்று நானும் இரண்டு வாக்கியம் பேசினேன். யந்திரம் உடனே ஏதோ சொல்லிற்று. சரியாகச் சொல்லிற்றா என்று அவனைக் கேட்டேன். முதல் வாக்கியம் சரி என்றும், இரண்டாவதில் நான் 'நீங்கள்' என்று சொன்னதை அது 'நீ' ஆக்கிவிட்டது என்றும் சொன்னான். இரண்டு வருஷம் படித்திராவிட்டால் அவனால் அதைச் சொல்லியிருக்க முடியாது என்பதை நான் அப்போது எடுத்துக்காட்டவில்லை, காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

அவன் ஒருவனுடைய அபிப்பிராயமாக மட்டும் இது இருந்திருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். பெற்றோர் சொல்கிறார்கள், கல்லூரி நிர்வாகிகள் சொல்கிறார்கள், உலக விவகாரங்களை அலசும் மேதாவிகள் மேடையிலே நின்று, அந்நிய பாஷை கற்பது இனிப் பல்லக்குத் தூக்கக் கற்பதைப் போன்றது, வாகனம் வந்துவிட்ட பிறகு அந்த வித்தை எதற்கு என்று கேட்டுக் கைதட்டல் வாங்குகிறார்கள்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். யந்திரம் செய்யும் காரியம் ஆச்சரியமானது. ஜப்பானிய மருந்துச் சீட்டையும் கொரிய அரிசிப் பானையின் உபயோகக் குறிப்பையும் அதன் தயவால் நானே வாசித்துப் பயன் அடைந்திருக்கிறேன். யந்திரம் செய்யும் பிழைகளைத் திரட்டி வைத்துக்கொண்டு நகைப்பவர்களின் கட்சியில் நான் சேரமாட்டேன். ஏனெனில், பிழையை மட்டுமே ஆதாரமாகக் கொண்ட வாதம், பிழை குறையக் குறையத் தானும் தேய்ந்து ஒருநாள் மறைந்துபோகும்.

ஆனால், 'இதோ வந்துவிட்டது' என்ற கோஷம் மட்டும் புதியதன்று. 1954-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் தேதி நியூயார்க் நகரில், ஐ.பி.எம். கம்பெனியும் ஜார்ஜ்டவுன் சர்வகலாசாலையும் சேர்ந்து, அறுபதுக்குச் சற்று மேற்பட்ட ருஷ்ய வாக்கியங்களை ஒரு கணிப்பொறியினால் ஆங்கிலமாக்கிக் காட்டின. அந்தப் பொறிக்குத் தெரிந்திருந்த சொற்கள் 250. இலக்கண விதிகள் ஆறே ஆறு. மூன்று வருஷத்திலோ ஐந்து வருஷத்திலோ இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று அன்றைக்கே ஜோசியம் சொன்னார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து, 1966-இல், அமெரிக்க அரசாங்கத்துக்காக இதை ஆராய்ந்த குழு, மனிதன் செய்யும் மொழிபெயர்ப்பைவிட யந்திரத்தின் மொழிபெயர்ப்பு மந்தமானது, துல்லியம் குறைந்தது, செலவு அதிகம் என்று அறிக்கை தந்தது, பணமும் வற்றிற்று. இன்றைய யந்திரம் அந்த யந்திரமன்று என்பது உண்மைதான். இந்தப் பழங்கதையைச் சொல்வது அதனைப் பழிக்க அன்று, ஜோசியர்களை ஞாபகப்படுத்தவே.

என் ஆட்சேபம் வேறு. யந்திரம் தவறு செய்யும் என்பதன்று, அது தவறு செய்ததா இல்லையா என்று பாஷை தெரியாதவனுக்குத் தெரியாது என்பதே. இந்த நிலைமை நம் ஊருக்குப் புதியதன்று. இரண்டு பாஷை அறிந்தவன் என்ற பொருளில் துபாஷி என்று ஒருவன் இருந்தான். புதுச்சேரியிலும் சென்னைப்பட்டணத்திலும் வந்திறங்கிய வெள்ளைக்காரர்கள் நெசவாளியோடு விலை பேசவும், நவாபின் தூதனோடு சமாதானம் பேசவும், வீட்டுக்குக் கறிகாய் வாங்கவும்கூட அவனையே நம்பினார்கள். துபாஷிகளில் ஆனந்தரங்கப் பிள்ளையைப் போன்ற பெருமக்களும் உண்டு. சென்னையில் கவர்னர் பதவி வகித்த ஹாலண்டு சகோதரர்களின் துபாஷியாய்ச் செல்வாக்கின் சிகரத்தில் இருந்து, பொய்க் குற்றச்சாட்டுச் சதிக்காக 1792-இல் தண்டிக்கப்பட்ட அவதானம் பாப்பையாவைப் போன்றவர்களும் உண்டு. முன்னவர் எந்த வகை, பின்னவர் எந்த வகை என்று துரைமாருக்குத் தெரிந்துகொள்ள வழி இருந்ததா? இரண்டு பேருடைய வாயிலிருந்தும் வந்த பிரெஞ்சோ ஆங்கிலமோ சரளமாகத்தான் இருந்திருக்கும். சரளம் யோக்கியதைக்குச் சாட்சியாகாது. இன்றைய யந்திரத்தின் பெரிய அபாயமும் அதன் சரளமே. பழைய யந்திரம் தவறினால் வாக்கியம் உடைந்து கிடக்கும், பார்த்தவுடன் சந்தேகம் பிறக்கும். புதிய யந்திரமோ தவறான பொருளையும் குற்றமற்ற நடையில் சொல்லிவிட்டு நிற்கிறது.

சந்தேகிக்கத் தெரியாதவனுக்கு என்ன நேரும் என்பதற்கு எத்தியோப்பியாவின் சரித்திரத்தைச் சொல்லலாம். 1889-ஆம் ஆண்டு மே மாதம் அந்நாட்டு மன்னர் இரண்டாம் மெனலிக் இத்தாலியோடு வுச்சாலே என்னும் இடத்தில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். அதன் பதினேழாம் ஷரத்து, அம்ஹாரிய மொழிப் பிரதியில், அந்நிய ராஜ்யங்களோடு தொடர்புகொள்ள மன்னர் விரும்பினால் இத்தாலியின் உதவியைப் பெறலாம் என்று இருந்தது. இத்தாலியப் பிரதியிலோ, அவர் இத்தாலியின் மூலமாகத்தான் தொடர்புகொள்ள வேண்டும் என்ற பொருள் ஏறி நின்றது. 'லாம்' ஒரு பக்கம், 'வேண்டும்' ஒரு பக்கம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு தேசத்தின் சுதந்திரம் அகப்பட்டுக்கொண்டது. ஐரோப்பிய அரசுகளுக்கு மன்னர் நேராக எழுதிய கடிதங்களுக்கு, இத்தாலியின் வழியாக எழுதும் என்ற தோரணையில் மறுமொழி வந்த பிறகே விஷயம் அவருக்குப் புலனாயிற்று. உடன்படிக்கையை அவர் நிராகரித்தார், யுத்தம் மூண்டது, 1896 மார்ச் முதல் தேதி ஆடுவாப் போர்க்களத்தில் இத்தாலியச் சேனை முறியடிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான உயிர்கள் போயின.

இது மனிதர் செய்த மொழிபெயர்ப்பல்லவா, யந்திரத்தின் மேல் பழி போடலாமா என்று கேட்பவர்களுக்கு 2017-இல் நடந்ததைச் சொல்கிறேன். பாலஸ்தீனத் தொழிலாளி ஒருவர் மண்வாரி யந்திரத்தின் அருகே நின்று எடுத்துக்கொண்ட படத்தை முகநூலில் இட்டு, அரபு மொழியில் காலை வணக்கம் எழுதினார். முகநூலின் மொழிபெயர்ப்புப் பொறி அதை ஹீப்ரு மொழியில் 'அவர்களைத் தாக்குங்கள்' என்று ஆக்கிவிட்டது. இஸ்ரேலியப் போலீஸார் அவரைக் கைதுசெய்து, சில மணி நேர விசாரணைக்குப் பின் விட்டார்கள். இதில் எனக்கு வியப்பளிப்பது யந்திரத்தின் பிழையன்று. அரபு வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் அந்த ஒற்றைச் சொல்லைக் காட்டிக் கேட்கவேண்டும் என்ற எண்ணம், கைவிலங்கை எடுப்பதற்கு முன் ஒருவருக்கும் உதிக்கவில்லை. கையில் யந்திரம் இருக்கும்போது மனிதனைக் கேட்பது அநாவசியம் என்று தோன்றிவிடுகிறது.

சரி, ஒருநாள் பிழையே செய்யாத யந்திரம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது என்ன? அப்போதும் என் கட்சி அசையாது.

சென்னைக்கே திரும்புவோம். துபாஷிகளை மட்டும் நம்பி ராஜ்யம் நடத்துவதில் உள்ள ஆபத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் உணர்ந்ததனாலும், இளம் உத்தியோகஸ்தர்கள் தாங்களே குடிகளின் பாஷையில் பேசியும் எழுதியும் பழகவேண்டும் என்று கருதியதனாலும், 1812-இல் செயிண்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி ஏற்பட்டது. அதன் உயிர்நாடியாக இருந்தவர் எல்லீஸ் துரை. தென்னாட்டு மொழிகளெல்லாம் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவையே என்று கல்கத்தா பண்டிதர்கள் சாதித்துக்கொண்டிருந்த காலத்தில், தமிழையும் தெலுங்கையும் கன்னடத்தையும் அவற்றின் வேர்ச்சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இவை ஒரு தனிக் குடும்பம் என்று 1816-இல் வெளியான தெலுங்கு இலக்கண நூலுக்கு எழுதிய குறிப்பிலே அவர் நிலைநாட்டினார். கால்டுவெலின் ஒப்பிலக்கணம் வெளிவர அதற்கப்பால் நாற்பது வருஷம் ஆயிற்று.

எல்லீஸ் துரையின் மேஜைமேல் பிழையற்ற மொழிபெயர்ப்பு யந்திரம் ஒன்று இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? தமிழன் 'மூன்று' என்று எழுதியதையும், தெலுங்கன் 'மூடு' என்று எழுதியதையும், கன்னடன் 'மூரு' என்று எழுதியதையும் அது ஒரே ஆங்கிலச் சொல்லாக மாற்றித் தந்திருக்கும். மூன்றும் சரி, ஒரு பிழையும் இல்லை. ஆனால் மூன்று சகோதரிகளின் முக ஜாடையும் அந்த க்ஷணமே மறைந்திருக்கும். பொருளைக் கொடுத்துச் சொல்லை மறைப்பதுதான் மொழிபெயர்ப்பின் சுபாவம்; அது எவ்வளவு உத்தமமாகச் செய்யப்படுகிறதோ அவ்வளவு பூரணமாக மறைக்கும். சொல்லையே பார்க்கவேண்டியவன், அதாவது பாஷையில் எது எதனோடு உறவு, எந்தச் சொல் எந்த ஊரின் மண்வாசனை உடையது, பேசுகிறவன் எதைச் சொல்லாமல் விட்டான் என்று அறியவேண்டியவன், மொழிபெயர்ப்பிலே தேடுவது தேங்காயைத் துருவி எறிந்த ஓட்டிலே பருப்பைத் தேடுவது போலத்தான்.

நமது பாஷையிலேயே ஓர் உதாரணம் பாருங்கள். கலியாண வீட்டில் ஒருவர் சம்பந்தியிடம் 'நாம் சாப்பிடப் போகலாம்' என்பதற்கும், 'நாங்கள் சாப்பிடப் போகிறோம்' என்பதற்கும் உள்ள தூரம், ஒரு சம்பந்தம் நிலைப்பதற்கும் முறிவதற்கும் உள்ள தூரம். தெலுங்கிலும் இதே வேற்றுமை உண்டு. அவர்கள் 'மனமு' என்றும் 'மேமு' என்றும் சொல்வார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். இந்த யந்திரங்கள் வெகுகாலம் ஆங்கிலத்தை இடைக்கழியாகக் கொண்டே ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் போய்வந்தன; இன்றும் அவற்றின் பாடப் புத்தகத்தில் பெரும்பாகம் ஆங்கிலமே. ஆகவே அக்காளும் தங்கையுமான இரண்டு மொழிகள், ஒரே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, இருவரிடமும் உள்ள ஒரு நகையை அது தெரியாத மூன்றாமவர் மூலமாகப் பரிமாறிக்கொள்ள முயன்று, அதை வழியிலே தொலைத்துவிடுகின்றன. நெல்லூர்க்காரனோடு பேச லண்டனைச் சுற்றிக்கொண்டு போவது எந்த ஊர்ச் சௌகரியம்?

பாடப் புத்தகம் என்றேன். அதை யார் எழுதியது என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர்கள் 1980-களின் இறுதியில் இலக்கண விதிகளை ஒதுக்கிவைத்துவிட்டு, கணக்கின் வழியாக யந்திரத்துக்கு மொழிபெயர்ப்பைக் கற்பித்தபோது, அவர்கள் எடுத்துக்கொண்டது கனடா நாட்டுப் பார்லிமெண்டு நடவடிக்கைகளின் ஆங்கில, பிரெஞ்சுப் பிரதிகளை. பின்னால் வந்தவர்கள் ஐரோப்பியப் பார்லிமெண்டின் தஸ்தாவேஜுகளையும் ஐக்கிய நாடுகள் சபையின் தீர்மானங்களையும் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பக்கங்கள் எல்லாம், இரண்டு பாஷையைக் கஷ்டப்பட்டுக் கற்று, இரவு விழித்து, ஒரு சொல்லுக்காக அகராதி அகராதியாகப் புரட்டிய, பெயர் தெரியாத மனிதர்களின் உழைப்பு. அவர்கள் நிரப்பி வைத்த குதிரிலிருந்துதான் யந்திரம் உண்கிறது. இனி ஒருவரும் பாஷை கற்கவேண்டாம் என்பவர்கள் விதைநெல்லையும் சேர்த்து உலையில் போடச் சொல்கிறார்கள். புதிய சொற்கள் பிறந்துகொண்டும் பழைய சொற்கள் பொருள் மாறிக்கொண்டும் இருக்க, அடுத்த தலைமுறையின் யந்திரத்துக்கு யார் கற்பிப்பார்கள்? சென்ற தலைமுறையின் யந்திரமா?

எல்லோரும் பத்துப் பாஷை படிக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. சந்தைக்கும் சுற்றுலாவுக்கும் யந்திரம் போதும். போதாவிட்டாலும் கைச்சாடை இருக்கிறது. ஆனால் வைத்தியசாலைக்குப் போதாது. இங்கிருந்து ஜெர்மனிக்குச் செல்லும் நர்ஸுகளுக்கு அந்நாடு பி-2 என்னும் படிவரை ஜெர்மன் தேர்ச்சி வேண்டும் என்று விதித்திருக்கிறது. உலகத்தின் உயர்ந்த யந்திரங்களை வாங்கும் வசதி உள்ள நாடுதான் அது. நடுநிசியில் வயோதிக நோயாளி பாதி விழுங்கிப் பேசும் சொல்லைக் கைப்பேசி நீட்டிக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இலக்கியத்துக்கும் போதாது. த. நா. குமாரஸ்வாமி வங்காளியைக் கற்றார், கா. ஸ்ரீ. ஸ்ரீ. மராத்தியைக் கற்றார், அதனால்தான் தாகூரும் காண்டேகரும் தமிழ் வீடுகளுக்குள் உறவினரைப் போல் நுழைந்து உட்கார்ந்தார்கள். இப்படி மொழிக்கு நாலு பேராவது தலைமுறைதோறும் வேண்டும். அந்த நாலு பேர் யார் என்று முன்கூட்டித் தெரியாதாகையால் நானூறு பேருக்காவது வகுப்பு திறந்திருக்கவேண்டும்.

ஆனந்தரங்கப் பிள்ளையைப் பற்றி ஒன்று சொல்லி நிறுத்துகிறேன். அவர் 1736-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் தொடங்கி இருபத்துநாலு வருஷத்துக்கு மேல் தமிழில் நாட்குறிப்பு எழுதினார். புதுச்சேரியின் பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளே என்ன சொன்னார், எப்போது கோபித்தார், எவரிடம் என்ன பெற்றார், ஊரார் அவரைப் பற்றி என்ன பேசினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. டூப்ளேயின் மனைவியைப் பற்றி அதில் காணப்படும் கசப்புக்குக் காரணங்கள் பல இருக்கலாம். புதுச்சேரியிலே பிறந்த அந்த அம்மாளுக்குத் தமிழ் பேச வரும் என்பதும் அவற்றில் ஒன்றோ என்று நான் நினைப்பதுண்டு. டூப்ளே 1754-இல் தமிழ் வாசிக்கத் தெரியாமலே பிரான்ஸுக்குக் கப்பலேறினார். தம்முடைய ஊரிலே, தம்முடைய துபாஷியின் வீட்டிலே, தம்மைப் பற்றி எழுதப்பட்டிருந்த அந்த ஏடுகள் 1846-ஆம் ஆண்டில்தான் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் ஒருவரின் கண்ணில் பட்டன.